பிள்ளை இருக்கும் வீட்டுக்கே பணம் போகட்டும்

நடுவர் அவர்களே! "அறிவுசார் குறைபாடு உடையவர்களின் பராமரிப்புக்கான அரசு நிதி முதலில் சேர வேண்டியது காப்பகத்துக்கா, குடும்பத்துக்கா?" என்பது தலைப்பு. குடும்பத்துக்கே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, "பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூலி கேட்கலாமா?" என்றார். கைத்தட்டலும் வாங்கினார். அம்மா, அந்தக் கூலியை அரசு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்குக் கொடுக்கிறது என்பதில்தான் வழக்கு.

மத்திய அரசில் வேலை பார்க்கும் தாய்க்கு, பிள்ளையைக் கவனிக்கப் பணிக்காலத்தில் 730 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பிள்ளை மாற்றுத்திறனாளி என்றால் வயது வரம்பும் இல்லை. பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர், தம்மைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக ஆண்டுக்கு 75,000 ரூபாயும், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர் வீட்டில் இதற்குப் பெயர் செலவு. முக்கூடலில் பீடி சுற்றும் தாய் வீட்டில் மட்டும் பாசமா?

அந்தத் தாய்க்குக் கிடைப்பது தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை. 1,500 ரூபாயாக இருந்தது, 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். பாராட்டத்தான் வேண்டும், மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் டெல்லியின் பங்கு இன்னும் மாதம் 300 ரூபாய்தான். ஆனாலும் 2,000 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 67 ரூபாய். வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு டயப்பர் மாற்றினால் தீர்ந்தது. வீட்டிலிருந்தே பீடி சுற்றலாமே என்பீர்கள். வலிப்பு வருகிற இருபது வயதுப் பையன் பக்கத்தில் இருக்கும்போது ஆயிரம் பீடி எப்படிச் சுற்றுவது?

பணத்தைத் தகப்பன் குடித்துவிடுவான் என்றார்கள். 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத்தொகை நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகிறது. அதே வழியில் இதையும் அனுப்பலாம். தவிர, காப்பக நிர்வாகிகள் எல்லோரும் மோர் மட்டுமே குடிப்பவர்களா, நடுவர் அவர்களே?

செலவு கட்டுப்படியாகாது என்ற வாதத்துக்கு அமெரிக்காவில் விடை இருக்கிறது. அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்று மூன்று வயதுக் குழந்தை. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு மூச்சுக்கருவியின் துணை தேவைப்பட்டது. வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள் மருத்துவர்கள். மருத்துவமனையில் இருந்தால்தான் பணம் என்றது மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம். வீட்டில் பார்த்துக்கொண்டால் செலவு பல மடங்கு குறையும் என்று தெரிந்தும்! 1981 நவம்பரில் அதிபர் ரீகன் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அரசுச் செலவை வெட்டுவதையே கொள்கையாகக் கொண்ட மனிதர் அவர். விதி தளர்ந்தது, குழந்தை அந்த ஆண்டே வீடு திரும்பியது. அவளுடையது அறிவுசார் குறைபாடு அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பகத்துக்கு வெளியே இருப்பவருக்கும் மெடிகெய்ட் பணம் தரலாம் என்று அதே 1981இல் சட்டமான விதிவிலக்கின் வழியாகத்தான் அறிவுசார் குறைபாடு உடைய லட்சக்கணக்கானோர் இன்று அங்கே வீட்டிலும் ஊருக்குள்ளும் இருந்தபடியே உதவி பெறுகிறார்கள்.

"பெற்றோருக்குப் பிறகு யார்?" எதிரணி கேட்டவற்றில் கனமான கேள்வி இது ஒன்றுதான். இப்படிப்பட்ட பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் இரவில் தூக்கத்தைக் கெடுப்பதும் இதுதான். யாருமே இல்லாதவர்களுக்குக் காப்பகம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தங்கையோ சித்தப்பாவோ இருக்கும் வீடுகளும் உண்டே. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு அவர்களைச் சட்டப்பூர்வப் பாதுகாவலராக நியமிக்கலாம். பொறுப்பைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, சோற்றுக்கும் மருந்துக்கும் நீயே பார்த்துக்கொள் என்றால் எந்தத் தங்கையின் புகுந்த வீடு சம்மதிக்கும்? அண்ணன் போகும் வீட்டுக்கு அவனுக்கான பணமும் கூடவே போனால் அந்தப் பேச்சே வேறாக இருக்கும்.

கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டம், பராமரிப்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. சொற்பம்தான். ஆனால் பார்த்துக்கொள்கிறவர் என்று ஒருவர் இருப்பதை அது ஏற்றுக்கொண்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும், உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டம் வேண்டும் என்கிறது. "அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்று ஒரு வாலும் அதில் உண்டு. காப்பகத்துக்குச் சுவர் எழுப்பும்போது இருக்கிற அந்த வசதி, தாயின் கையில் படி கொடுக்கும்போது மட்டும் எங்கே போய்விடுகிறது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தம் பேச்சைத் தொடங்கட்டும்.