செப்டம்பரில் தொடங்கும் டிசம்பர்

அவையோருக்கு வணக்கம்.

கனடாவில் நம்மவர்கள் பெரும்பாலோர் டொரன்டோ பக்கம் இருப்பதால், கனடாவின் பனி என்றால் டொரன்டோவின் பனிதான் நம் காதில் விழுகிறது. நான் பேச வந்த ஊர் அங்கிருந்து மேற்கே, சாலை வழியே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. மானிடோபா, சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா என்ற மூன்று மாகாணங்களின் தெற்குப் பாதி. பிரெய்ரி என்று சொல்கிறார்களே, அந்தக் கோதுமைச் சமவெளி. சஸ்காட்சுவானின் ஒரு சிற்றூரில் சில குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைப் படம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளை வயல், சிவப்புத் தொழுவம், புகைபோக்கியிலிருந்து ஒரு கோடு புகை, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். படம் பொய்யில்லை. ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சம் தானாக வந்தது போல அட்டை காட்டுகிறது பாருங்கள், அதில்தான் எனக்குச் சண்டை.

முதலில் குளிரைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஜனவரியில் மைனஸ் 40 வருவது உண்டு. அந்தப் புள்ளியில் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகிவிடுவதால் எந்த அளவையில் சொல்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கார்களின் முன்பக்கம் ஒரு மின்கம்பி தொங்கும். இரவு முழுக்க அதைப் பிளக்கில் செருகி எஞ்சினைச் சூடாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. டிசம்பர் 21 அன்று சஸ்காட்சுவானின் சஸ்கட்டூன் நகரில் சூரியன் காலை ஒன்பதேகாலுக்கு எழுந்து மாலை ஐந்து அடிப்பதற்கு முன்பே போய்விடும். பகல் என்று இருப்பது ஏழேமுக்கால் மணி நேரம்கூட இல்லை.

சரி, குளிர் உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் இருந்து அங்கே குடியேற வந்தவர்களுக்குக் குளிர் புதிதா என்ன? அவர்களுக்குப் புதிதாக இருந்தது தனிமை. அந்தத் தனிமை வானத்திலிருந்து விழவில்லை. ஒரு சட்டம் உண்டாக்கியது. 1872-இல் கனடா அரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. 10 டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் உங்களுக்கு. ஆனால் அந்த நிலத்திலேயே வீடு கட்டி, ஆண்டுக்கு ஆறு மாதமாவது அங்கேயே குடியிருந்து, உழுது காட்ட வேண்டும். மூன்று ஆண்டு அப்படி இருந்தால்தான் பட்டா. ஐரோப்பாவில் தெருவில் வரிசையாக வீடு, வயல் ஊருக்கு வெளியே என்று வாழ்ந்த மக்களை இந்தச் சட்டம் வயலுக்கு ஒரு வீடாகப் பிரித்துப் போட்டது. பக்கத்து வீட்டு விளக்கு தெரிந்தாலே பெரிய விஷயம். அந்த நிலம் காலியாகக் கிடந்ததும் இல்லை. கிரீ என்ற பூர்வகுடி மக்களும், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெட்டி மக்களும் வாழ்ந்த நிலம் அது. ஒப்பந்தம் என்ற பெயரில் கைமாறிய கதையைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

ஆகவே அந்தக் காலத்தில் அங்கே குளிர்கால ஏற்பாடு என்றால் இரண்டு வேலை. வீட்டுக்குள் சூட்டைப் பிடித்து வைப்பது ஒன்று. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடப்பது இன்னொன்று. முதலாவது செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடும். வீட்டின் அடிச்சுவரைச் சுற்றி வைக்கோலும் சாணமும் மண்ணும் இடுப்பளவு அணைத்துக் குவிப்பார்கள். அப்புறம் பனி விழுந்தால் அதன்மேல் பனியையும் தள்ளி அணைப்பார்கள். பனியே ஒரு போர்வைதான், காற்றைத் தடுக்கும். தரைக்கு அடியில் நிலவறை. அதில் உருளைக்கிழங்குக் குவியல், மணலில் புதைத்த கேரட், பீப்பாயில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், ஜூலையில் புதரில் பறித்துச் சர்க்கரைப் பாகில் அடைத்த, சஸ்கட்டூன் என்றே பெயர் கொண்ட காட்டுப் பழத்தின் புட்டிகள். டிசம்பரில் அந்தப் பழத்தை மாவுக்குள் வைத்து ‘பை’ என்ற பலகாரம் சுட்டு மேசையில் வைத்தால், கொசுக்கடியோடு பறித்த பிள்ளைகள் அத்தனை பேரும் உரிமை கொண்டாடுவார்கள்.

மரத்தையும் சொல்ல வேண்டும். தெற்குச் சமவெளியில் காற்றைத் தடுக்க இயற்கையாக எதுவுமே கிடையாது. சஸ்காட்சுவானின் தலைநகர் ரெஜைனாவுக்குக் கிழக்கே இந்தியன் ஹெட் என்று ஒரு சிற்றூர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு அங்கே ஒரு நாற்றுப் பண்ணை வைத்தது. நூறு ஆண்டுக்கும் மேலாக அது விவசாயிகளுக்குக் கொடுத்த கன்றுகள் 60 கோடிக்கும் அதிகம். சைபீரியாப் பக்கத்துச் செடியான கரகானாவை வீட்டைச் சுற்றி வரிசை வரிசையாக நட்டார்கள். இன்று விமானத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பண்ணை வீட்டைச் சுற்றியும் ஒரு மரச் சதுரம் தெரியும். வாழ்த்து அட்டைப் புகை நேராக மேலே போகிறதே, அது இந்த மரங்களின் தயவு. 2013-இல் அரசு அந்தப் பண்ணையைக் கைவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இவ்வளவு செய்தும் சில ஆண்டுகளில் குளிர் ஜெயித்துவிடும். 1947 ஜனவரி கடைசியில் தொடங்கிப் பத்து நாள் நீடித்த பனிப்புயலில் சஸ்காட்சுவானில் ரயில்களே புதைந்துபோயின. மூஸ் ஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு விவசாயி, மாட்டுக்குத் தீனி போடத் தொழுவத்தின் கூரையில் ஓட்டை வெட்டி இறங்கினாராம். புயல் நாட்களில் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போய் வருவது வழக்கம். சாதாரண நாளிலேயே கொடியில் காயப்போட்ட உள்ளாடை கருவாடு மாதிரி விறைத்துக்கொள்ளும், மடித்துக் கொண்டுவர முடியாது, அணைத்துத் தூக்கி வர வேண்டும்.

இனி இரண்டாவது வேலைக்கு வருகிறேன். கிராமத் தொலைபேசி பல வீடுகளுக்கும் ஒரே கம்பி. உங்கள் வீட்டுக்கு இரண்டு நீள மணி, ஒரு குட்டை மணி என்று ஓர் அடையாளம் இருக்கும். மணி யாருக்கு அடித்தாலும் எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள். ஒட்டுக்கேட்பது நாகரிகமில்லைதான். ஆனால் பிப்ரவரியில் பக்கத்து மனிதக் குரல் ஒரு மைலுக்கு அப்பால் இருக்கும்போது அந்தக் குற்றத்தை நான் மன்னித்துவிடுவேன்.

கடை என்றால் ஈட்டன்ஸ் விலைப்பட்டியல் புத்தகம். 1884 முதல் 1976 வரை வந்தது. பொம்மை, பூட்ஸ், அடுப்பு எதுவானாலும் அதைப் பார்த்து எழுதிப் போட்டால் ரயிலில் வரும். புதுப் பட்டியல் வந்ததும் பழையது கழிப்பறைக்குப் போகும், அல்லது ஹாக்கி ஆடும் பையன்களின் முழங்காலுக்குக் கீழே கவசமாகக் கட்டப்படும். பந்து? உறைந்துபோன குதிரைச் சாணம். சிரிக்காதீர்கள், நன்றாக வழுக்கும்.

டிசம்பரில் இன்னொன்றும் ரயிலில் வரும். ஜப்பானிலிருந்து கப்பலில் வான்கூவர் வந்து, அங்கிருந்து மரப்பெட்டியில் கிழக்கே போகும் மாண்டரின் ஆரஞ்சு. ஒவ்வொரு பழமும் மெல்லிய தாளில் சுற்றியிருக்கும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்திக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்வார்கள், விலைப்பட்டியல் தாளைவிட மென்மை. காலிப் பெட்டி பொம்மைக்குத் தொட்டில். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் எதிரி நாடானதும் இந்தப் பழம் நின்றுபோனது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலருக்குப் போர் என்றால் ஆரஞ்சு வராத கிறிஸ்துமஸ்.

இதற்கெல்லாம் உச்சம் பள்ளிக்கூடக் கிறிஸ்துமஸ் கச்சேரி. ஒரே அறை, ஒரே ஆசிரியை, எட்டு வகுப்புகள். நவம்பர் கடைசியிலிருந்தே பாடம் பாதி நின்றுவிடும். ஆசிரியை பெரும்பாலும் இருபது வயதுப் பெண், ஏதோ ஒரு பண்ணை வீட்டில் தங்கிச் சாப்பிடுபவர். கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று ஊர் கேட்காது, கச்சேரி எப்படி நடந்தது என்றுதான் கேட்கும். அடுத்த ஆண்டும் வேலை இருக்குமா என்பதையே அந்த ஒரு ராத்திரி தீர்மானித்துவிடும். பலகை அடித்து மேடை. கம்பியில் கோர்த்த படுக்கை விரிப்புகள்தான் திரை, எப்படியும் நடுவில் ஒரு தடவை சிக்கும். ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிடக் கூடாது. பேச வராதவனுக்கு ஆட்டிடையன் வேஷம், அதுவும் முடியாதவனுக்கு ஆடு.

ஊசியிலை மரம் கிடைக்காத இடத்தில் இலையுதிர்ந்த பாப்ளர் மரக் கிளைக்குப் பச்சைத் தாள் சுற்றி நிறுத்துவார்கள். மின்சாரம் வராத காலம். சஸ்காட்சுவானில் கிராம மின்மயச் சட்டமே 1949-இல்தான் வந்தது. கிளையில் மெழுகுவர்த்தி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு ஓர் ஆள். பின்பெஞ்சில் குவிந்த கோட்டுகளின்மேல் கைக்குழந்தைகள் தூங்கும். கடைசியில் சான்டா வருவார். அவர் குரலை வைத்து யார் வீட்டு மாமா என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆளுக்கொரு காகிதப் பை, உள்ளே வேர்க்கடலை, மிட்டாய், ஓர் ஆரஞ்சு. பிறகு மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுப் பிடிலுக்கு நடனம். வீடு திரும்பும்போது சறுக்குவண்டியில் காலடியில் அடுப்பில் சுட்ட கல். சிலர் வண்டிமேல் மரக்கூடு அடித்து உள்ளே குட்டி அடுப்பே வைத்திருப்பார்கள். பள்ளத்தில் கவிழ்ந்தால் தீ அபாயமும் உண்டு.

உக்ரைனியர்களின் கிறிஸ்துமஸ் திருநாள் பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி ஜனவரி 6 மாலை. பிள்ளைகள் வெளியே நின்று முதல் நட்சத்திரத்தைத் தேடுவார்கள். தெரிந்த பிறகுதான் சாப்பாடு. அறை மூலையில் அறுவடையிலிருந்து எடுத்து வைத்த கோதுமைக் கட்டு நிற்கும். அதற்குத் தீதுக் என்று பெயர். முன்னோர் அதில் வந்து தங்குவதாக நம்பிக்கை. மேசை விரிப்புக்கு அடியில் உலர்ந்த புல். இல்லாதவருக்காக ஒரு தட்டு கூடுதல். பன்னிரண்டு பதார்த்தம், இறைச்சியும் பாலும் இல்லாமல். முதலில் குத்தியா என்ற தேனும் கசகசாவும் கலந்த வேகவைத்த கோதுமை. வீட்டுத் தலைவர் அதில் ஒரு கரண்டி எடுத்து உத்தரத்தை நோக்கி வீசுவார். ஒட்டிக்கொண்டால் விளைச்சல் நல்லது. அடுத்த நாள் ஏணி போட்டுத் துடைப்பது வீட்டுப் பெண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு முன்பே அங்கிருந்த மெட்டி மக்களுக்குப் புத்தாண்டுதான் பெரியது. வீடு வீடாகப் போய் இறைச்சி உருண்டைச் சூப்பும் பிடிலுமாக நாட்கணக்கில் நடக்கும்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். இன்றைய நிலையை விரைவாகச் சொல்கிறேன். 160 ஏக்கர் இப்போது கதையில்தான். சஸ்காட்சுவானில் ஒரு பண்ணையின் சராசரியே 1,700 ஏக்கருக்கு மேல். வீடுகள் குறைந்ததால் இடைவெளி இன்னும் கூடிவிட்டது. ஓரறைப் பள்ளிகள் மூடியாயிற்று, கச்சேரியை ஊர்க்கூடத்தில் நடத்துகிறார்கள். வான்கோழியும் முட்டைக்கோஸ் சுருளும் பரிமாறும் இலையுதிர்கால ஊர் விருந்துக்கு நாற்பது மைல் காரோட்டி வருகிறார்கள். 2023-இல் உக்ரைனின் பெரிய சபைகள் கிறிஸ்துமஸை டிசம்பர் 25-க்கு மாற்றிக்கொண்டதால், பாட்டி ஜனவரி என்கிறார், பேத்தி டிசம்பர் என்கிறாள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரண்டுக்கும் சமைத்தார்கள், இரண்டுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள், நானும் இரண்டுக்கும் போனேன். கேள்விகள் இருந்தால் தேநீர் நேரத்தில் கேளுங்கள். நன்றி, வணக்கம்.