விண்கப்பல் டாக்டரும் நம் உடல் எடையும்

அனைவருக்கும் வணக்கம். அறிவியல் புனைகதை வாசகர்கள் கூடியிருக்கும் அரங்கில் உடல் பருமனைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் யோசிக்கலாம். சம்பந்தம் 1966-லேயே தொடங்கிவிட்டது.

அந்த நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்கப்பல் தொடரின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. ஆபத்தான பயணத்துக்கு நடுவே கேப்டன் கிர்க்கின் அறைக்குச் சாப்பாட்டுத் தட்டு வருகிறது. திறந்து பார்த்தால் வெறும் பச்சை இலைகள். டாக்டர் மெக்காய்தான் கேப்டனின் உணவு அட்டையை மாற்றியிருக்கிறார். காரணம், எடை ஓரிரு பவுண்டு கூடிவிட்டது. மாற்றிய விஷயமே தட்டு வந்த பிறகுதான் கேப்டனுக்குத் தெரிகிறது.

இதே மெக்காய் 1986-இல் வந்த நான்காவது 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படத்தில் காலத்தைக் கடந்து இருபதாம் நூற்றாண்டு சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனை ஒன்றுக்குள் நுழைகிறார். டயாலிசிஸுக்காகக் காத்துக் கிடக்கும் மூதாட்டிக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவுக்குப் புதுச் சிறுநீரகமே முளைத்துவிடுகிறது.

சிறுநீரகத்துக்கு மாத்திரை, எடைக்கு மட்டும் இலைதழை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதியவர்கள் எதிர்காலத்துக்கு எத்தனையோ கருவிகளைக் கொடுத்தார்கள். எடை என்று வந்ததும் தங்கள் காலத்து டாக்டரையே சீருடை மாற்றி விண்கப்பலில் ஏற்றிவிட்டார்கள். சிறுநீரகக் கோளாறு நோய், எடை கூடுவது ஒழுங்கீனம் என்ற நினைப்பு அவர்களுக்குள் அவ்வளவு ஆழமாக இருந்திருக்கிறது. 2008-இல் வந்த 'வால்-இ' படத்திலும் மிதக்கும் நாற்காலியில் சாய்ந்து, குவளையில் உறிஞ்சியே பெருத்துப்போன மனிதர்களைத்தான் காட்டினார்கள். எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனால் பருமனுக்கு அது சொல்லும் காரணத்தை நான் ஏற்க மாட்டேன்.

ஏன் ஏற்க மாட்டேன் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் பட்டினி பற்றி ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் மறுத்த இளைஞர்கள் 36 பேர் அதற்கு முன்வந்தார்கள். ஊரே ஏசினாலும் கொள்கையை விடாதவர்கள், ஆகவே மனஉறுதியில் குறை சொல்ல முடியாதவர்கள். அவர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. இன்று எத்தனையோ டயட் சார்ட்டுகளில் இதைவிடக் குறைவாக எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். எடை கால்வாசி குறைந்தது. அதோடு மனமும் மாறியது. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். ஆய்வு முடிந்து வேண்டிய மட்டும் சாப்பிடக் கிடைத்தபோது, வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை என்றார்கள். உடல் தான் இழந்ததைத் திரும்பக் கேட்டது.

அடுத்தது கேம்பிரிட்ஜ். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1994-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு லெப்டின் மரபணுவைக் கண்டுபிடித்தது. லெப்டின் என்பது கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன். 'இருப்பு போதுமான அளவு இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. அது இல்லாத எலிகள் தின்றுகொண்டே இருந்தன. மனிதர்களில் அப்படி யாராவது உண்டா என்று தேடியபோது, 1997-இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓ'ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி குழுவிடம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகள் வந்தார்கள். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ. இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. இருவர் ரத்தத்திலும் லெப்டின் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

இப்படிப்பட்ட குழந்தையைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போகும் தாயை நினைத்துப் பாருங்கள். கண்டதையும் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துவிட்டாயா என்று கேட்காத உறவுக்காரர் இருப்பார்களா? குழந்தையோ சாப்பிட்ட கையோடு மறுபடி சோறு கேட்டு அழுகிறது. அந்தச் சிறுமிக்கு ஒன்பது வயதானபோது, 94.4 கிலோ எடையில், தினமும் லெப்டின் ஊசி போட ஆரம்பித்தார்கள். ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது. அறிவுரை சொல்லிக் குறைந்ததல்ல. பசியே குறைந்தது. இல்லாத ஒரு ஹார்மோன் கிடைத்ததும் மற்றக் குழந்தைகளைப் போல அவளும் போதும் என்று தட்டைத் தள்ளிவைக்க முடிந்தது. மெக்காயின் மாத்திரைக்கு நிகரான காட்சி நிஜத்தில் நடந்தது என்றால், என் கணக்கில் அது இதுதான்.

அப்படியானால் எல்லோருக்கும் லெப்டின் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தார்கள். ஆம்ஜென் நிறுவனம் 1995-லேயே 2 கோடி டாலர் கொடுத்து உரிமத்தை வாங்கியிருந்தது. பலிக்கவில்லை. பருமனான பெரும்பாலோரிடம் லெப்டின் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. மூளைதான் அதற்குச் செவிகொடுப்பதில்லை.

எடை குறைத்தபின் என்ன ஆகிறது? அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு பரிசோதித்து 2016-இல் வெளியிட்டது. 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ இழந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிட முக்கியமானது இது: சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் கலோரி, அவர்கள் எடைக்கு எதிர்பார்க்கும் அளவைவிடத் தினமும் சுமார் 500 குறைவாக இருந்தது. ஆறு ஆண்டுக்குப் பிறகும்!

அதே ஹால் 2019-இல் இன்னொன்று செய்தார். 20 பேரை நான்கு வாரம் மருத்துவ மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார். பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு சாப்பிட்ட நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று, எடை 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. சாப்பிட்டவர்கள் அதே ஆட்கள்தான். இரண்டு வாரத்தில் ஒருவருக்கு மனஉறுதி வந்து போய்விடுமா என்ன?

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரையே உதாரணமாக வெளியிட்டார்கள். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் உடல் நிறை குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. எடை மெஷின் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஒல்லியாக இருக்கிறோம் என்று நம்மவர்கள் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, இப்போது எடையைக் குறைக்கும் ஊசிகள் வந்துவிட்டன. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஜான் எங் என்ற ஆய்வாளர் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில் கண்டெடுத்த பொருளிலிருந்து 2005-இல் ஒரு சர்க்கரை நோய் மருந்து பிறந்தது. ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்துகளில் அதுதான் முதலில் சந்தைக்கு வந்தது. அதே வகையில் வந்த செமாகுளுடைட் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. 2025-இல் எடைக்கான ஊசியாகவே இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. புனைகதை டாக்டர் கையில் இருக்க வேண்டிய மருந்து ஊரில் இருக்கும் டாக்டர் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிடுகிறது. மினசோட்டா இளைஞர்களின் உடல் கேட்டதைத்தான் இந்த உடலும் கேட்கிறது.

"உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வான்" என்று வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கும்போது நோயாளியைத்தான் முதலில் நிறுத்துகிறார். விண்கப்பல் கதைகளில் தீர்ப்பவனும் மருந்தும் பளபளக்கின்றன, உற்றவன் படுக்கையில் பேசாமல் கிடக்கிறான். விதிவிலக்கு ஒருவர் உண்டு: பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் வைட். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு வசதியில்லாமல் போனவர், சர்க்கரை நோயாளி. 384 தளங்கள் கொண்ட விண்வெளி மருத்துவமனை ஒன்றைக் கதைகளில் கட்டினார். அங்கே வரும் ஒவ்வொரு உயிரினமும் என்ன மூச்சு விடும், என்ன தின்னும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சிகிச்சை. 1996-இல் வந்த நாவலில் தலைமை உணவியலாளராக ஒரு சமையல்காரரையே கொண்டுவருகிறார். காய்கறி தின்பதை இழிவாக நினைத்துப் பட்டினியில் வாடும் மக்களிடம் அவர் போகிறார். அட்டவணை எதுவும் கொடுப்பதில்லை. அவர்கள் அடுப்படிக்குப் போய், அவர்கள் சமையல்காரரோடு சேர்ந்து சமைக்கிறார்.

இந்த அரங்கில் கதை எழுதும் இளைஞர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கதை கேட்கிறேன். ஊசியில் எடை குறைந்த ஒரு பெண்ணுக்கு இனி அதை வாங்கப் பணமில்லை. நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது, பசி திரும்பிவிட்டது. அவள் டாக்டரின் அறைக்குள் வந்து உட்காருகிறாள். உங்கள் டாக்டர் முதலில் என்ன கேட்பார் என்று எழுதுங்கள், நான் படிக்கக் காத்திருக்கிறேன். வணக்கம்.