மலர் வேலையில காணாமப் போற படங்கள்: வேர்டு, பேஜ்மேக்கர், இன்டிசைன்

வணக்கம். நேரா ஸ்க்ரீனுக்கு வந்துடுறேன். இது ஒரு கும்பாபிஷேக மலருக்கான வேர்டு ஃபைல். மூணாம் பக்கத்துல தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் தேர்ச்சக்கரம் இருக்கணும். அந்த இடத்துல இப்ப ஒரு காலிக் கட்டம், அதுக்குள்ள செவப்பா ஒரு பெருக்கல் குறி, பக்கத்துல இங்கிலீஷ்ல ரெண்டு வரி. "லிங்க் பண்ணின படத்தைக் காட்ட முடியல, ஃபைலோட இடமோ பேரோ மாறியிருக்கலாம், இல்ல அழிஞ்சிருக்கலாம்"னு அதுக்கு அர்த்தம். நேத்து வரைக்கும் படம் இருந்துச்சு, ரெண்டு பத்தி திருத்தி சேவ் பண்ணினோம், இன்னைக்குத் திறந்தா இப்படி.

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர்னு நம்ம பக்கம் தல வரலாறு, குடமுழுக்கு மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர்னு எப்பவும் ஏதாவது ஒண்ணு ப்ரூஃப்ல ஓடிக்கிட்டே இருக்கும். 2028-ல மகாமகம் வருது. அதுக்கு முன்னாடி திருப்பணி, குடமுழுக்குன்னு இந்த வேலை இன்னும் கூடும். திருப்பணிக்கு முன்னாடி எடுத்த சுதைச் சிற்பம், வண்ணம் அடிக்கிறதுக்கு முந்தின சுவர், இதையெல்லாம் மறுபடி எடுக்கவே முடியாது. அதனாலதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் புரியணும். ஒரு படம் ஃபைலுக்குள்ள ரெண்டு விதமா இருக்கும். ஒண்ணு, படத்தோட நகலே ஃபைலுக்குள்ள உக்காந்திருக்கும். இன்னொண்ணு, படம் எந்த டிரைவ்ல எந்த ஃபோல்டர்ல இருக்குங்கிற முகவரி மட்டும் இருக்கும். முதல் வகை நம்ம ஊர்க் குளத்துத் தண்ணி மாதிரி, கையில இருக்கு. ரெண்டாவது ஆத்துத் தண்ணி. மேல மதகை அடைச்சா கடைமடைக்கு வராது. முகவரி வகையைத்தான் லிங்க்னு சொல்றாங்க. எடிட் பண்றப்ப படம் போச்சுன்னு வர்ற புகார்ல முதல்ல பாக்க வேண்டியது இது எந்த வகைங்கிறதுதான்.

வேர்டுல இன்சர்ட், பிக்சர்ஸ் போயி படத்தைத் தேர்ந்தெடுக்கிறப்ப கீழ இன்சர்ட்னு ஒரு பட்டன் இருக்கும். அதோட வலது ஓரத்துல சின்னதா ஒரு கீழ்நோக்கு அம்பு. இதோ, பெருசு பண்ணிக் காட்டுறேன். அதை அழுத்தினா மூணு வழி வரும்: இன்சர்ட், லிங்க் டு ஃபைல், இன்சர்ட் அண்ட் லிங்க். நடுவுல இருக்கிற லிங்க் டு ஃபைல்தான் முகவரியை மட்டும் வைக்கும். ஃபைல் சைஸ் கம்மியா இருக்கும்னு நினைச்சு இதை அழுத்திடுறாங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற வரைக்கும் சரியாத் தெரியும். ஃபைலை மட்டும் மெயில்ல பிரஸ்ஸுக்கு அனுப்பினதும் அங்க எல்லாமே செவப்புக் குறிதான்.

இதுக்கு மருந்து, படமெல்லாம் இருக்கிற கம்ப்யூட்டர்லேயே ஃபைலைத் திறந்து, ஃபைல், இன்ஃபோ போங்க. வலது பக்கம் கீழ எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்னு ஒரு வரி தெரியும். லிங்க் ஒண்ணுகூட இல்லேன்னா அந்த வரியே வராது. அதுவே நல்ல சோதனை. உள்ள போனா லிங்க் பண்ணின படங்களோட பட்டியல் வரும். ஒவ்வொண்ணையும் தேர்ந்தெடுத்து சேவ் பிக்சர் இன் டாக்குமென்ட்ங்கிற கட்டத்துல டிக் போடுங்க. பிரேக் லிங்க் குடுத்தாலும் சரிதான். ஆனா படம் கண்ணுக்குத் தெரியிறப்பதான் பிரேக் லிங்க் குடுக்கணும். செவப்புக் குறி வந்ததுக்கு அப்பறம் குடுத்தா முகவரியும் போயிடும், தேடுறதுக்குத் துப்பே இருக்காது.

செவப்புக் குறி ஏற்கெனவே வந்துடுச்சு, எந்தப் படம்னே தெரியலன்னா ஒரு வழி இருக்கு. வேர்டோட டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில ஒரு ஜிப் பொட்டலம். முதல்ல ஒரு காப்பி எடுத்துக்கங்க, மூலத்துல கை வைக்காதீங்க. விண்டோஸ் ஃபோல்டர்ல வியூ போயி ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை ஆன் பண்ணுங்க. காப்பியோட பேர்ல கடைசியில இருக்கிற டாக்எக்ஸை அழிச்சுட்டு ஜிப்னு மாத்துங்க. எச்சரிக்கை வரும், யெஸ் குடுங்க. இப்ப திறந்தா உள்ள வேர்டுன்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மீடியான்னு ஒரு ஃபோல்டர். இங்க பாருங்க: இமேஜ்1, இமேஜ்2, இமேஜ்3. ஃபைலுக்குள்ள நகலா இருக்கிற படம் எல்லாம் வரிசையா இருக்கு. பக்கத்துல தெரியாம ஒளிஞ்சுக்கிட்டிருக்கிற படம்கூட இங்க இருக்கும். தேர்ச்சக்கரம் இங்க இருந்தா பிரச்சினை காட்சியிலதான், படம் பத்திரம். இங்க இல்லேன்னா அது லிங்க்தான்னு முடிவாயிடுச்சு.

அப்படி இல்லாதப்ப, அதே வேர்டு ஃபோல்டருக்குள்ள ரெல்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல டாக்குமென்ட் டாட் எக்ஸ்எம்எல் டாட் ரெல்ஸ்ங்கிற ஃபைலை வெளிய எடுத்து நோட்பேடுல திறங்க. பயமுறுத்துற மாதிரி நீளமா இருக்கும். கன்ட்ரோல் எஃப் அழுத்தி எக்ஸ்டர்னல்ங்கிற சொல்லைத் தேடுங்க. அந்த வரியிலதான் படம் முன்னாடி எந்த டிரைவ்ல, எந்த ஃபோல்டர்ல, என்ன பேர்ல இருந்துச்சுன்னு எழுதியிருக்கும். இணைய முகவரிக்கும் அந்தச் சொல் வரும், அதை விட்டுடுங்க. ஃபைல்ங்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு அப்பறம் டிரைவோட எழுத்து வர்ற இடத்தைப் புடிங்க. பேர் கிடைச்சா கேமரா கார்டு, பழைய பென் டிரைவ், போட்டோகிராபர் கம்ப்யூட்டர்னு எங்க தேடணும்னு தெரிஞ்சிடும். பழைய டாக் ஃபைல்ல இந்த வழி செல்லாது. அதை முதல்ல டாக்எக்ஸா சேவ் பண்ணிக்கணும்.

சரி, படம் மீடியா ஃபோல்டர்ல இருக்கு, பக்கத்துல மட்டும் தெரியல. இதுதான் தமிழ் ஃபைல்ல அடிக்கடி நடக்கிறது. இந்தப் பக்கத்தைப் பாருங்க. பெரிய கோயில் விமானம் முழுசா இருக்க வேண்டிய இடத்துல ஒரு விரக்கடைகூட இல்லாத ஒரு கீத்துத்தான் தெரியுது. படத்தோட அடிப்பகுதி, தரையும் படிக்கட்டும் மட்டும். மேல இருக்கிறது எல்லாம் போன மாதிரி இருக்கு. காரணம் வரி இடைவெளி. லதா மாதிரி யூனிகோடு எழுத்துருக்கள்ல வரிக்கு வரி இடம் ரொம்ப விட்டு வரும். அதைக் குறைக்கிறதுக்காகப் பேராகிராஃப் செட்டிங்ல லைன் ஸ்பேசிங்கை எக்ஸாக்ட்லின்னு மாத்தி 16 பாயின்ட், 18 பாயின்ட்னு குடுப்பாங்க. வரியோட ஒட்டின படத்தை வேர்டு ஒரு பெரிய எழுத்தாத்தான் பாக்குது. வரிக்கு 18 பாயின்ட்தான்னு சொன்னா படத்துக்கும் 18 பாயின்ட்தான்.

அந்தக் கீத்து மேல கிளிக் பண்ணி கன்ட்ரோல் 1 அழுத்துங்க. வரி இடைவெளி சிங்கிள் ஆகும், விமானம் முழுசா எழுந்து நிக்கும். ஆனா இதோட விட்டா அடுத்த திருத்தத்துல மறுபடி போயிடும். ஏன்னா படமும் பாடமும் ஒரே ஸ்டைல்ல, நார்மல்ல இருக்கு. யாராவது நார்மலோட இடைவெளியை மாத்தினா நூறு பக்கத்துல உள்ள படமும் ஒரே நேரத்துல கீத்தாயிடும். அதனால படத்துக்குன்னு தனியா ஒரு ஸ்டைல் உண்டாக்குங்க. பேரு "படம்"னே வைங்க, இடைவெளி சிங்கிள், நடுவாக்கல். படம் இருக்கிற ஒவ்வொரு பத்திக்கும் அதைப் போடுங்க. இந்த அஞ்சு நிமிஷ வேலையை எந்த மலர்லயும் விடாதீங்க.

அடுத்தது நங்கூரம். படத்தைச் சுத்தி எழுத்து ஓடுற மாதிரி வச்சா, அது பக்கத்துல மிதக்குற மாதிரி தெரியும். ஆனா உள்ளுக்குள்ள அது ஏதாவது ஒரு பத்தியோட கட்டிப் போட்டிருக்கும். ஹோம்ல பத்திக் குறி பட்டனை அழுத்திட்டுப் படத்தைத் தொட்டா, இடது ஓரத்துல குட்டியா நங்கூரச் சின்னம் தெரியுது பாருங்க. அந்தப் பத்தியை முழுசா அழிச்சா படமும் சேர்ந்து போயிடும். ப்ரூஃப் பாக்கிறவரு "இந்தப் பத்தி வேணாம்"னு வாழ்த்துரையில ஒரு பத்தியை அடிச்சிருப்பாரு. அதை நீக்கிட்டு நாம அடுத்த பக்கம் போயிடுவோம். அதே பக்கத்துல இருந்த ஆழித் தேர் படமும் சேர்ந்து போனதை யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. அதனால திருத்தம் முடியிற வரைக்கும் எல்லாப் படமும் இன் லைன் வித் டெக்ஸ்ட்லேயே, அதாவது வரியோட ஒட்டியே இருக்கட்டும். மிதக்க விடுறதெல்லாம் கடைசி ப்ரூஃப் முடிஞ்சப்பறம்.

எழுத்துக்குப் பின்னாடி மறைஞ்சுபோன படத்துக்கு ஆல்ட் எஃப்10. வலது பக்கம் பட்டியல் வரும், அந்தப் பக்கத்துல இருக்கிற மிதக்குற படம் எல்லாம் அதுல இருக்கும். டிராஃப்ட் வியூல இருந்தாலும் மிதக்குற படம் தெரியாது, பிரின்ட் லேஅவுட்டுக்கு மாத்திக்கங்க. வெறும் கட்டம் மட்டும் தெரிஞ்சா ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டுல ஷோ பிக்சர் பிளேஸ்ஹோல்டர்ஸ் டிக்கை எடுங்க.

இப்ப நம்ம ஊர் டிடிபி கடைகளுக்கே உரிய ஒண்ணு. கட்டுரை பாமினிங்கிற, யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருல வந்திருக்கும், யூனிகோடுக்கு மாத்தணும். கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி, கன்வெர்ட்டர்ல ஒட்டி மாத்தி, திரும்ப ஃபைல்ல ஒட்டுவாங்க. கன்வெர்ட்டர் வெறும் எழுத்தைத்தான் வாங்கும், எழுத்தைத்தான் திருப்பித் தரும். படம், அட்டவணை, அடிக்குறிப்பு எல்லாம் வடிகட்டுன மாதிரி போயிடும். ஒட்டுறப்ப கீப் டெக்ஸ்ட் ஒன்லி குடுத்தாலும் இதேதான். மாத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு படத்துக்கும் மேல "படம் 07, தேர்ச்சக்கரம், தெற்குப் பக்கம்"னு ஒரு வரி அடிச்சு வைங்க. எழுத்து தப்பிச்சு வர்றப்ப அந்த வரியும் வரும், படத்தை எங்க வைக்கணும்னு தேட வேண்டாம்.

எத்தனை படம் இருக்குன்னு எண்ண, கன்ட்ரோல் எச் போயி ஃபைண்ட் டேப்ல, ஷிப்ட்டோட 6 அழுத்தினா வர்ற கூரைக்குறியும் அடுத்து சின்ன ஜியும் போட்டு ஃபைண்ட் நெக்ஸ்ட் குடுங்க. வரியில இருக்கிற படம் ஒவ்வொண்ணுலயும் போய் நிக்கும். ரீப்ளேஸ் டேப்ல மட்டும் தொடாதீங்க. ரீப்ளேஸ் கட்டம் காலியா இருக்கிறப்ப ரீப்ளேஸ் ஆல் குடுத்தா அத்தனை படமும் அழிஞ்சிடும். அழிஞ்சா உடனே கன்ட்ரோல் இசட். கூகுள் டாக்ஸா இருந்தா ஃபைல், வெர்ஷன் ஹிஸ்டரியில நேத்தைய நிலைக்கே போயிடலாம்.

பக்கம் வடிவமைக்கிற பழைய சாஃப்ட்வேர் பேஜ்மேக்கர் இன்னும் நிறைய கடையில ஓடுது. 2001-ல வந்த 7.0 தான் அதோட கடைசிப் பதிப்பு. பெரிய படத்தை வைக்கிறப்ப, "இது இத்தனை கேபி இடம் எடுக்கும், முழு நகலையும் சேர்க்கவா"ன்னு ஒரு கேள்வி கேக்கும். அங்க நோ குடுத்தா லிங்க்தான். ஸ்க்ரீன்ல படம் தெரியும், ஆனா அது மங்கலான முன்காட்சி. பிரஸ்ல அச்சடிக்கிறப்பதான் குட்டு வெளிப்படும். கன்ட்ரோல் ஷிப்ட் டி அழுத்தினா லிங்க்ஸ் மேனேஜர் வரும். பக்கத்துல கேள்விக்குறி இருக்கிறதெல்லாம் காணாத ஃபைல், இன்ஃபோ பட்டன்ல போயி திரும்ப இணைச்சுக்கலாம். பிரஸ்ஸுக்குக் கொடுக்கிறப்ப சேவ் ஆஸ்ல காப்பிங்கிற இடத்துல ஆல் லிங்க்டு ஃபைல்ஸைத் தேர்ந்தெடுத்து சேவ் பண்ணினா படமும் கூடவே அந்த ஃபோல்டருக்கு வந்துடும்.

இன்டிசைனும் பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர்தான், அதுல படம் வச்சா வழக்கமா லிங்க்தான். லிங்க்ஸ் பேனல்ல செவப்புக் கேள்விக்குறின்னா ஃபைலைக் காணோம், மஞ்சள் முக்கோணம்னா ஃபைல் வெளியில மாறியிருக்கு. பென் டிரைவ்லேர்ந்து நேரா படத்தை வைக்காதீங்க. இன்னைக்கு அது இ டிரைவா இருக்கும், நாளைக்கு வேற கம்ப்யூட்டர்ல எஃப் ஆயிடும், மொத்த லிங்கும் அறுந்துடும். ஜிப்புக்குள்ளேர்ந்தும் வைக்காதீங்க. விண்டோஸ் ஒரு தற்காலிக ஃபோல்டர்ல பிரிச்சுக் காட்டுறது அது, சுத்தம் பண்றப்ப போயிடும். முதல்ல ஹார்ட் டிஸ்க்ல ஒரே ஃபோல்டர், அதுக்குள்ள படங்கள்னு ஒரு ஃபோல்டர், எல்லாத்தையும் அங்க இறக்கிட்டுத்தான் முதல் படத்தையே வைக்கணும். நடுவுல பேர் மாத்தக் கூடாது. முடிஞ்சதும் ஃபைல், பேக்கேஜ். லிங்க்ஸ் ஃபோல்டரும் எழுத்துருவும் சேர்ந்து ஒரே கட்டா வரும். அந்த முழு ஃபோல்டரைக் கொடுங்க, இன்டிசைன் ஃபைலை மட்டும் கொடுக்காதீங்க.

வாட்ஸ்அப்ல படம் வாங்குறப்ப டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. சாதாரணமா அனுப்பினா படம் சுருங்கிடும். 300 டிபிஐல, அதாவது இன்ச்சுக்கு 300 புள்ளி கணக்குல, ஏ4 முழுப்பக்கத்துக்கு 2480-க்கு 3508 பிக்சல் வேணும், 6 இன்ச் அகலப் படத்துக்கு 1800. ஆண்ட்ராய்டு போன்ல கேலரியில அழிச்சா சாட்லயும் மங்கிப் போகும். கூகுள் போட்டோஸ்ல பேக்அப் ஆன படம் குப்பையில 60 நாள் இருக்கும், பேக்அப் ஆகாததுக்கு 30 நாள்தான். மலர் அச்சாகி கைக்கு வர்ற வரைக்கும் போட்டோகிராபர் கிட்ட கார்டை ஃபார்மேட் பண்ண வேணாம்னு கேட்டுக்கங்க.

உங்க ஃபைல்ல செவப்புக் குறியா, கீத்தா, வெறும் கட்டமா, என்ன தெரியுதுன்னு கமென்ட்ல எழுதுங்க. வேர்டா பேஜ்மேக்கரான்னும் சேர்த்து எழுதுங்க, அதை வச்சுத்தான் வழி சொல்ல முடியும்.