யோசெமிட்டியில் கூடாரம் அடிக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கோடை விடுமுறைக்கு யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்க ஆயத்தமாகும் வேளை இது. அந்தப் பூங்காவில் 300 முதல் 500 வரை கருங்கரடிகள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பழுப்பு நிறத்தில் இருப்பதைக் கண்டு கருங்கரடியைவிட ஆபத்தான கிரிஸ்லி என்னும் வேறு இனக் கரடியோ என்று அஞ்ச வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் கிரிஸ்லி 1920களிலேயே அற்றுப்போய்விட்டது.

இக்கரடிகளுக்கு நம் உணவின் ருசியைக் காட்டியவர்கள் மனிதர்களே. 1920களில் பூங்கா நிர்வாகமே, பயணிகள் கண்டு களிப்பதற்காகக் கரடிகளுக்கு எச்சில் உணவைக் கொட்டிக் காட்சி நடத்தியது. 1940இல்தான் அது நின்றது. திறந்தவெளிக் குப்பைக்குழிகளில் கடைசியானது 1971இல் மூடப்பட்டது. ருசி கண்ட கரடிகள் அதன்பின் கூடாரங்களையும் கார்களையும் தேடி வந்தன. 1998ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,600 சம்பவங்கள் பதிவாயின. சேதம் ஆறரை லட்சம் டாலரைத் தாண்டியது. கரடி கார்க் கதவின் மேல்விளிம்பில் நகங்களைச் செருகி, சட்டத்தை அட்டையை மடிப்பதுபோல் வளைத்து உள்ளே புகுந்துவிடும். உணவு டிக்கியில் இருந்தால் பின்னிருக்கையைக் கிழித்துக்கொண்டு அங்கேயும் போய்விடும்.

1999 முதல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கெனத் தனி நிதி ஒதுக்கியது. முகாம்களில் உணவை வைத்துத் தாழிட இரும்புப் பெட்டகங்கள் வந்தன, இரவு ரோந்து பெருகியது, விதிகள் கடுமையாயின. சம்பவங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. கரடிகளின் உரோமத்தை ஆராய்ந்தவர்கள், அவற்றின் தீனியில் மனித உணவின் பங்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முந்தைய அளவுக்கே இறங்கிவிட்டதைக் கண்டார்கள். மாறவேண்டியவர்கள் நாம்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே, கூடாரம் அடித்ததும் முதல் வேலையாகப் புளியோதரை, ஊறுகாய், முறுக்கு டப்பா எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். மணக்கும் எதுவும் கரடிக்கு உணவுதான் என்பதால் பற்பசை, சோப்பு, வெயில் களிம்பு, குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், காலியான ஐஸ் பெட்டி ஆகியவையும் அதனுள்ளேயே இருக்கவேண்டும். இருட்டிய பின் காரில் உணவு இருப்பது யோசெமிட்டியில் விதிமீறல். குழந்தையின் கார் இருக்கையில் சிந்திக் கிடக்கும் பிஸ்கட் தூளைத் துடைக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள், தயவுசெய்து மறவாதீர்கள். பெட்டகத்தின் தாழ்ப்பாள் கரடியின் பாதம் எட்டாதபடி அமைக்கப்பட்டது. ஆனால் அதைப் போடாமல் கதவைச் சும்மா சாத்திவைத்தால் பயனில்லை. நீங்கள் அருகிலேயே அமர்ந்து சமைத்தாலும் தாழ்ப்பாள் போட்டிருக்கவேண்டும். மலைப்பாதையில் நடந்துபோய்த் தங்குவோர், கரடியால் திறக்க முடியாத உணவு உருளையைக் கட்டாயம் சுமந்து செல்லவேண்டும். கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிடும் பழைய முறைக்கு அங்கே அனுமதியில்லை.

இத்தனைக்கும் பிறகு கரடி கூடாரத்தருகே வந்துவிட்டால் ஓடாதீர்கள். எல்லோரும் ஒன்றாக நின்று, கைகளை உயர்த்தி, உரத்த குரலில் அதட்டுங்கள். அது விலகிப்போக வழிவிட்டு நில்லுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் இடையில் போகாதீர்கள். அது கவ்விக்கொண்ட உணவை மீட்க முயலவே கூடாது.

யோசெமிட்டியில் கருங்கரடியால் எவரும் உயிரிழந்ததாகப் பதிவு இல்லை. கரடிகளின் நிலை அப்படியன்று: மனித உணவுக்குப் பழகித் துணிந்துவிட்ட கரடியைப் பூங்காவினர் சில வேளைகளில் கொல்லவேண்டி வருகிறது, அப்பழக்கத்தைத் தாயிடமிருந்து குட்டியும் கற்றுக்கொள்கிறது. எனவே ஒன்றும் இழக்கவில்லை என்றாலும், கரடி வந்த செய்தியை ரேஞ்சர் எனப்படும் பூங்காக் காவலரிடம் உடனே சொல்லுங்கள். அது எங்கே நடமாடுகிறது என்று தெரிந்தால்தான், நம் உணவில் வாய்வைக்கும் முன்பே அதை முகாமிலிருந்து அவர்களால் விரட்ட முடியும்.