சீப்பும் நகமும்

நேயர்களுக்கு வணக்கம். பேசத் தொடங்கும் முன் ஒரு சின்னச் சத்தம். என் கையில் ஒரு சீப்பு இருக்கிறது. அதன் பற்களில் கட்டைவிரல் நகத்தை மெதுவாக இழுக்கிறேன், கேளுங்கள்... கேட்டதா? கிட்டத்தட்ட இதே சத்தம், நள்ளிரவில், மாடிப்படிக்கு மேலிருந்து, ஒரு மனிதத் தொண்டையிலிருந்து வந்தால்? 2003இல் தியேட்டருக்கு வந்த ‘ஜு-ஆன்’ என்ற ஜப்பானியப் படத்தில் கணவன் கையால் செத்துப்போன பெண்ணின் ஆவி இப்படித்தான் வரும். வசனம் கிடையாது, அலறல் கிடையாது. தொண்டையில் இந்தக் கரகரப்பு மட்டும்தான். அந்தக் குரலைக் கொடுத்தவர் படத்தின் இயக்குநர் தக்காஷி ஷிமிசுவே.

ஜப்பானியப் பேய்ப் படங்கள் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்ததே இந்தக் காது வேலையால்தான். அதனால் வானொலியில் பேசக் கூப்பிட்டபோது, படம் காட்ட முடியாதே என்ற கவலை எனக்கு வரவில்லை.

இது சினிமாவுக்கு முன்பே தொடங்கிய வித்தை. கபுகி என்ற ஜப்பானியப் பழைய நாடக மேடையில் பேய் வருகிறது என்றால் புல்லாங்குழல் நடுக்கத்தோடு ஒரு இழுப்பு இழுக்கும், கீழே பெரிய முரசு மெல்ல அதிரும். அந்த ஓசைக்கே ‘ஹ்யூ டோரோடோரோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேய் நாடகத்துக்கு அங்கே கோடைதான் சீசன். வெக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகு கொஞ்சம் சில்லிடட்டுமே என்று! நாம் மோரும் நுங்கும் தேடிப் போகிறோம், அவர்கள் பேயைத் தேடிப் போனார்கள்.

அந்த மரபின் உச்சம் என்று நான் நினைப்பது 1964இல் மசாக்கி கோபயாஷி எடுத்த ‘க்வைதான்’. மூன்று மணி நேரம், நான்கு கதைகள். லஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் ஜப்பானில் கேட்டும் படித்தும் திரும்ப எழுதிய பழங்கதைகள் அவை. வெளிப்புறக் காட்சிகளில்கூட வானத்தைத் திரையில் தீட்டி வைத்துப் படமாக்கினார்கள். 1965இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. அதெல்லாம் இருக்கட்டும், எனக்கு முக்கியம் அதற்கு ஒலி அமைத்த இசையமைப்பாளர் டோரு தாக்கெமிட்சு.

முதல் கதையில் ஒரு சாமுராய், வறுமை தாங்காமல், நெசவு நெய்து சோறு போட்ட மனைவியை விட்டுவிட்டு வசதியான வேறொரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். பல வருடம் கழித்து மனம் கேட்காமல் திரும்பி வருகிறான். வீடு பாழாகிக் கிடக்கிறது, அவள் மட்டும் அப்படியே இருக்கிறாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் பக்கத்தில் கிடப்பது எலும்பும் நீண்ட கருங்கூந்தலும். அலறிக்கொண்டு ஓடுகிறான், உளுத்த பலகைகள் காலடியில் உடைகின்றன. ஆனால் உடைகிற சத்தம் இல்லை! காட்சியில் இயல்பாக வரவேண்டிய ஓசைகளைத் தாக்கெமிட்சு எடுத்துவிட்டார். மரம் பிளக்கிற ‘படீர்’ ஓசை வரும், ஆனால் நாம் எதிர்பார்க்கிற நொடியில் வராது. கண் ஒன்று சொல்கிறது, காது வேறொன்று சொல்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு நாம் தவிக்கிறோம்.

இன்னொரு கதையே காதைப் பற்றியதுதான். ஹோய்ச்சி கண் தெரியாத பிவா வாத்தியக்காரர்; பிவா என்பது ஜப்பானிய நரம்பு வாத்தியம். 1185இல் டான்-னோ-உரா கடற்போரில் மாண்ட ஹெய்கே குலத்தாரின் கதையைப் பாடுபவர். மாண்டவர்களே அவரை இரவுதோறும் பாட அழைத்துப் போகிறார்கள். அவரைக் காப்பாற்றக் கோயில் துறவிகள் உடம்பெல்லாம் புத்தமதச் சூத்திரம் எழுதி ஆவியின் கண்ணிலிருந்து மறைக்கிறார்கள். காதில் எழுத மறந்துபோகிறார்கள். வருகிற ஆவிக்கு அந்தரத்தில் இரண்டு காதுகள் மட்டும் தெரிகின்றன. சரி, வந்ததற்கு இதையாவது கொண்டுபோவோம் என்று...

அதே 1964இல் வந்த ‘ஒனிபாபா’வில் ஆளுயர நாணல் காற்றில் உரசிக்கொண்டே இருக்கும், திடீரென்று முரசு அதிரும். 1977இன் ‘ஹவுஸ்’ சுத்தக் கிறுக்கு. பியானோ ஒரு பெண்ணைத் தின்றுவிடும். சிரிப்பதா பயப்படுவதா என்றே தெரியாது. 1998இல் வந்த ‘ரிங்கு’வை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள், டிவிக்குள்ளிருந்து ஒருத்தி ஊர்ந்து வருவாளே. நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படம்பிடித்து அதைத் திருப்பி ஓட்டினார்கள், அந்த நடையின் கோணல் அப்படி வந்தது. இப்போது வருகிற பல படங்களில் பேய் வருவதற்கு முன்பே ஸ்பீக்கர் வந்துவிடுகிறது. திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. பட்டாசு வெடித்தாலும்தான் திடுக்கிடுகிறோம்.

போன மாதம் வீட்டில் ‘க்வைதான்’ மறுபடி போட்டேன். சாமுராய் ஓடிக்கொண்டிருந்தான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, “என்னங்க, மியூட்ல போட்டிருக்கீங்களா?” என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மரம் பிளந்தது.