கீழிறங்கி வரும் நகரம்

அன்பார்ந்த சபையோரே,

விசுவாசியின் நித்திய வீடு எது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் மேலே கைகாட்டுவோம். ஆத்துமா உடலைவிட்டுப் பிரிகிறது, பரலோகம் சேருகிறது, அத்துடன் எல்லாம் நிறைவேறிவிட்டது என்பதே நம் ஜெபங்களிலும் இரங்கற் செய்திகளிலும் ஊறிப்போன எண்ணம். அதைப் பொய்யென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களைப் பொறுமையாக வாசிக்கிறவர், அங்கே ஒரு நகரமே பரலோகத்திலிருந்து கீழிறங்கி வருவதைக் காண்பார்.

மரணத்துக்கும் உயிர்த்தெழுதலின் நாளுக்கும் இடைப்பட்ட நிலையைக் குறித்து வேதம் சுருக்கமாகவே பேசுகிறது. மனந்திரும்பிய கள்ளனிடம் இயேசு, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடன் இருப்பது மிக நல்லது என்று பவுல் எழுதினார். சபை வரலாற்றிலோ இதைப் பற்றிய வாதம் சுருக்கமாக முடியவில்லை. இறந்த நீதிமான்கள் கடைசி நியாயத்தீர்ப்புவரை தேவனை முழுமையாகத் தரிசிப்பதில்லை என்று பிரசங்கித்த திருத்தந்தை 22ஆம் யோவான், 1334இல் மரணப்படுக்கையில் அக்கருத்தைக் கைவிட்டார். மரணத்துக்குப் பின் பாவக்கறை நீங்கச் சுத்திகரிப்பு தேவைப்படாத ஆத்துமாக்கள் உடனே தேவனைக் காண்கின்றன என்று அவருக்குப் பின் வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல் அறுதியிட்டார். சுத்திகரிப்பு நிலை என்பதையே சீர்திருத்த சபைகள் ஏற்கவில்லை. ஆயினும் ஆத்துமா உயிர்த்தெழுதல்வரை உணர்வற்று உறங்குகிறது என்ற போதனையைச் சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவரான கால்வினும் மறுத்தார்.

இத்தனை வேறுபாட்டுக்கும் நடுவே, எல்லாத் தரப்பாரும் அந்த நிலையை இடைநிலை என்றே கருதினார்கள் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 381இல் விரிவாக்கப்பட்ட நிசேயா விசுவாசப் பிரமாணம், மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் வரப்போகிற உலகின் வாழ்வையும் எதிர்நோக்குவதாகச் சொல்லி முடிகிறது. கிறிஸ்தவ நம்பிக்கையின் எல்லை உடலற்ற ஆத்துமா அன்று. உடலோடு எழுந்த மனிதன், புதிதாக்கப்பட்ட பூமி.

இப்போது அந்த நகரத்தின் அளவைக் கவனியுங்கள். தூதன் பொற்கோலால் அளக்கிறான். பன்னீராயிரம் ஸ்தாதி, அதாவது ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம். இவ்வளவு உயரமான நகரம் எப்படி நிற்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் தவறான இடத்தில் உழைக்கிறார்கள் என்பது என் எண்ணம். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலமும் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 20 முழமாகச் சமமாகவே இருந்தது. நியாயப்பிரமாணத்தின்படி அத்தகைய ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியன் மட்டும், அதுவும் பாவநிவாரண நாளில் மட்டுமே பிரவேசிக்கலாம். அதே வடிவில் இப்போது ஒரு நகரம் முழுவதும் வருகிறது. அதிலே ஆலயத்தை நான் காணவில்லை என்று இந்தத் தரிசனத்தைக் கண்ட யோவான் எழுதுவது அதனால்தான்: தேவசமுகத்துக்கெனத் தனியறை ஒன்று அங்கே தேவைப்படவில்லை, ஊர் முழுவதும் அந்த அறையாகிவிட்டது. "இதோ, மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது" என்று சிங்காசனத்திலிருந்து கேட்கும் சத்தம் இதையே அறிவிக்கிறது.

பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு என்ற வாக்கையும் இதனோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். அவ்வசனத்தைக் கேட்டவுடன் ஆளுக்கொரு மாளிகையைக் கற்பனை செய்கிறோம். ஆனால் இயேசு அதற்கடுத்த வாக்கியத்தில் சொல்லும் காரணம், "நான் இருக்கிற இடத்திலே நீங்களும் இருக்கும்படி" என்பதே.

அங்கே என்ன செய்துகொண்டிருப்போம் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. முடிவில்லாத ஓய்வு அவர்களுக்குச் சலிப்பாகத் தோன்றுகிறது. வேதத்தின் கடைசி அதிகாரம் அந்த நகரத்தாரைச் சும்மா உட்கார வைக்கவில்லை. அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவிப்பார்கள், அவருடைய முகத்தைக் காண்பார்கள், சதாகாலங்களிலும் அரசாளுவார்கள் என்று அது மூன்று காரியங்களைச் சொல்கிறது. அவற்றில் சேவையே முதலில் வருகிறது.