ஹயாசிந்தை வளர்த்தது மேடையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆங்கில நடிகை பட்ரிசியா ரவுட்லிட்ஜின் நீண்ட கலைவாழ்வைத் தாங்கி நின்றது மேடையா, தொலைக்காட்சியா என்பது தலைப்பு. மேடையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, "முப்பத்தெட்டு வருஷம் மேடையில் நின்றவரை யாருக்குத் தெரிந்தது? 1990-ல் பிபிசியில் 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' நகைச்சுவைத் தொடர் வந்த பிறகுதானே உலகத்துக்கே தெரிந்தது?" என்று கேட்டார். வருஷக் கணக்கு சரிதான். 1952-ல் லிவர்பூல் பிளேஹவுஸ் நாடக அரங்கில் தொடங்கியவர், அந்தத் தொடரில் ஹயாசிந்த் பக்கெட்டாக வந்தபோது வயது 61. 'வாளி' என்று பொருள்படும் தன் குடும்பப் பெயரை, பூங்கொத்து என்ற பொருளில் 'புக்கே' என்று எல்லோரும் சொல்லியாக வேண்டும் என்று அடம்பிடிக்கும் அந்த அம்மாள்தான் ஹயாசிந்த். சரி, அந்த 61 வயதில் எதைக் கற்றுக்கொண்டு அவர் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்?

முதலில் பாட்டு. பக்கத்து வீட்டு எம்மெட் இசை தெரிந்தவர். அவரைப் பார்த்துவிட்டால் ஹயாசிந்த் உச்சக் குரலில் பாடத் தொடங்கிவிடுவார், அந்த மனிதர் தலைதெறிக்க ஓடுவார். சுருதி தெரியாதவர் பாடினால் அது எங்கே விலகும் என்று அவருக்கே தெரியாது. நகைச்சுவைக்கு அது உதவாது. எந்தச் சுரத்தில் ஏற வேண்டும், எவ்வளவு தடுமாற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அளந்து செய்ய வேண்டும். ஒத்திகையில் பத்து முறை அப்படிக் கத்தியும் தொண்டை கெடாமல் இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற பாடகியால்தான் அது முடியும்.

அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது என்பதற்கு 1976-ஐப் பாருங்கள். லியனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த '1600 பென்சில்வேனியா அவென்யூ' இசை நாடகம் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஏறியது. அதில் ஒரு பாட்டு. வெள்ளை மாளிகையை விட்டுப் போகும் ஜூலியா கிராண்ட், உள்ளே வரும் லூசி ஹேய்ஸ், இரண்டு ஜனாதிபதி மனைவிகளும் மாறி மாறிப் பாட வேண்டும். இருவரும் ரவுட்லிட்ஜ் ஒருவரே! ஒருத்திக்குக் கனத்த கீழ்க்குரல், மற்றவளுக்கு உயரப் பறக்கும் குரல். மூச்சை மாற்றி எடுக்கும் இடம் அரை நொடி பிந்தினாலும் முதல் குரலின் சாயல் இரண்டாவதில் ஒட்டிக்கொள்ளும். அந்த நாடகம் ஏழே காட்சிகளில் நின்றது. "பார்த்தீர்களா, மேடை எவ்வளவு நிலையற்றது!" என்று தோழி இதைத்தான் காட்டினார். 1968-ல் அவர் நடித்த 'டார்லிங் ஆஃப் த டே'யும் ஒரு மாதத்துக்குள் முடிந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மாத நாடகத்துக்குத்தான் அவருக்கு அமெரிக்க நாடக உலகின் டோனி விருது கிடைத்தது.

அடுத்தது தொலைபேசி. ஹயாசிந்தின் மகன் ஷெரிடன் ஒருமுறைகூடத் திரையில் வரமாட்டான். அவன் குரலும் கேட்காது. அம்மா தனியாக ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். கேட்காத பதிலுக்குச் சரியான இடைவெளி விட வேண்டும். குறைத்தால் எதிர்முனையில் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும், கூட்டினால் காட்சி தொய்ந்துவிடும். 1982-ல் 'நாய்சஸ் ஆஃப்' நாடகம் முதன்முதலில் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் அரங்கேறியபோது ரவுட்லிட்ஜ்தான் டாட்டி வேடம். மத்தி மீன் தட்டு, செய்தித்தாள், ரிசீவர் என்று மூன்றையும் குழப்பிக்கொள்ளும் நடிகையாக நடிக்க வேண்டும். தட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் அடுத்து வருபவரின் காட்சி சரிந்துவிடும். பிழையைப் பிழையில்லாமல் செய்கிற வேலை அது.

மூன்றாவதாகச் சிரிப்பு. இதை நான் பெரிதாக நினைக்கிறேன், நடுவர் அவர்களே. இங்கிலாந்தின் இந்த வகைத் தொடர்களில் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் முன்னால் எடுப்பார்கள். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முந்தினால் வார்த்தை சிரிப்பில் மூழ்கிவிடும், பிந்தினால் சூடு ஆறிவிடும். தெருக் காட்சிகளோ முன்கூட்டியே படமாகிவிடும். பிறகு அதை ஸ்டூடியோவில் போட்டுக் காட்டிச் சிரிப்பைப் பதிவு செய்வார்கள். சகோதரியின் கணவர் ஆன்ஸ்லோவின் ஓட்டைக் காருக்குள்ளிருந்து நாய் குரைக்க, ஹயாசிந்த் வேலிச் செடிக்குள் விழுகிறாரே, அப்போது அங்கே சிரிக்க ஒரு ஆள் இல்லை. எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்று மனதுக்குள் அளந்துதான் அவர் எழுந்திருக்க வேண்டும். அந்த அளவு ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் அரங்கத்தின் முன் நின்றவருக்குத்தான் கைவரும்.

எதிரணிக்கு ஒன்றை மனதார விட்டுக்கொடுக்கிறேன். ஆலன் பென்னட் எழுதிய 'டாக்கிங் ஹெட்ஸ்' வரிசையில், 1988-ல், 'எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்' என்ற தனிமொழியில் முகத்தை அடக்கி, கண்ணை மட்டும் நகர்த்தி நடித்தாரே, அந்தச் சிக்கனத்தைக் கேமராதான் கேட்டு வாங்கியது. ஆனால் எடுத்துக்கொடுக்க எதிர் நடிகர் இல்லாமல், ஏறத்தாழ அரைமணி நேரக் கதையைத் தனியாகச் சுமக்கும் நினைவாற்றல் எங்கிருந்து வந்தது? அதே 1988-ல் அவர் லண்டன் ஓல்ட் விக்கில் 'கேண்டீட்' இசை நாடகத்தில் நடித்து, பிரிட்டன் நாடக உலகின் ஒலிவியே விருதும் வாங்கினார்.

ஹயாசிந்த் உச்சத்தில் இருந்தபோதே, 1992 டிசம்பரில், நேஷனல் தியேட்டரில் 'கரோசல்' நாடகத்தில் நெட்டியாகப் பாடினார். லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் மைதானத்தில் பாடுவார்களே, அந்தப் பாட்டு நெட்டியின் பாட்டுதான். தொலைக்காட்சியில் வாராவாரம் சுருதி விலகிப் பாடியவர், மேடையில் அதைச் சுத்தமாகப் பாடினார்.

1995-ல், ஐந்து தொடர், 44 பகுதிகளோடு, போதும் என்று ஹயாசிந்தை நிறுத்தியவர் அவரே. 'ஹெட்டி வெய்ன்த்ராப்' துப்பறியும் தொடர் உடனே வந்தது, உண்மை. அது 1998-ல் நின்றது. மறு வருஷமே ஆஸ்கர் வைல்டு நாடகத்தில் லேடி பிராக்னலாக மேடை ஏறினார். அதன் பின் 80 வயதில், இரண்டாம் உலகப்போரில் லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மதியக் கச்சேரிகள் நடத்திய பியானோ மேதை மைரா ஹெஸ்ஸாக, பியானோ கலைஞர் பியர்ஸ் லேனுடன் ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்தினார். 96 வயதில், 2025 அக்டோபரில் மறைந்த ரவுட்லிட்ஜின் கடைசிக் காலத்து மேடைகளில் ஒரு பியானோ இருந்தது, வாசிக்க ஒருவர் இருந்தார், பேச அவர் இருந்தார். கேமரா அங்கே இல்லை, நடுவர் அவர்களே. நன்றி.